தார் சுற்றும் கூலி எந்த வரியில் வரும்?

பரமக்குடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியல் நடத்துகிறேன். பிள்ளைகள் வாயில் அது ‘காஸ்ட்டிங்’. அரியர் அதிகம் விழுகிற பாடம். ஒரு பொருளைச் செய்து முடிக்க ஆகும் செலவை மூலப்பொருள், கூலி, மேற்செலவு என்று வகைபிரித்து, வரிசையாக எழுதி, அடக்கவிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். அதற்கு மேல் கணிதம் இல்லை. இருந்தும், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஓர் ஆராய்ச்சி செய்தோம். ‘நாங்கள்’ என்பதில் நானும் இருக்கிறேன், என்னிடம் படித்த மாணவர்களும் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தை என்னைப் போன்ற ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வகுப்பறையைச் சொல்லிவிடுகிறேன். முதுகுளத்தூர், கமுதி, நயினார்கோவில், பார்த்திபனூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பாதிக்கு மேல். அவர்கள் வீட்டில் மானாவாரி நெல், பருத்தி, மிளகாய். வைகைக்கு அக்கரையில் எமனேஸ்வரத்திலிருந்தும், பரமக்குடியின் தறித் தெருக்களிலிருந்தும் வருகிறவர்கள் இன்னொரு பகுதி. இவர்களில் பலர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், தறியோசையில் வளர்ந்தவர்கள். அநேகமாக எல்லாருமே குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாட்டின் சராசரி 28.4. அந்த 47-க்குள் வருகிற பிள்ளைகள்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களுக்கு 2022-இல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கிய பிறகு, பாதியில் நின்றுபோகிறவர்களைத் தடுத்து நிறுத்திப் பேச ஆசிரியர்கள் கையிலும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. வாசலுக்குள் வந்துவிட்டார்கள். வந்த பிறகு என்ன கற்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்களைப் போன்றவர்களுடையது.

பதில் தேட எல்லாக் கல்லூரியிலும் இருக்கும் கருவி கருத்துப் படிவம். தேசிய தர மதிப்பீட்டு அவையான நாக், 2017-இல் திருத்திய தன் முறையில் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. அதில் 20 கேள்விகளுக்கு மாணவர்கள் தெரிவு செய்து பதில் தர வேண்டும். 21-ஆவதில் மூன்று யோசனைகள் எழுதலாம். பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தினார்கள், ஆசிரியர் எப்படித் தயாரித்து வருகிறார் என்பது போன்ற கேள்விகள் அவை. ஒரு நிறுவனத்தின் பொது நிலையை அறிய இது உதவும். ஆனால் என் காஸ்ட்டிங் வகுப்பில் எந்த இடத்தில் பையன் விழுகிறான் என்பதை இது சொல்லாது. கேள்வியைப் போட்டவருக்கு அவன் யார் என்று தெரியாது. பதில் சொன்னவனுக்கு அந்தப் பதில் எங்கே போகிறது என்று தெரியாது.

வேறு வழியைச் சில நாடுகளில் வெகுநாளாகவே நடைமுறையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரியில் ஆலிசன் குக்-சாத்தர் என்ற பேராசிரியர் 2007 வாக்கில் ஒரு திட்டம் தொடங்கினார். மாணவர் ஒருவர் ஓர் ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து கவனிப்பார். வாரந்தோறும் அந்த ஆசிரியரும் அவரும் சந்தித்துப் பேசுவார்கள். பருவம் முழுக்க இது நடக்கும். அந்த மாணவர் அந்தப் பாடத்தை அப்போது படிக்கிறவராக இருக்க மாட்டார். அவருடைய வேலைக்கு ஊதியம் உண்டு. 2014-இல் குக்-சாத்தரும் கேத்தரின் போவில், பீட்டர் ஃபெல்டன் ஆகியோரும் சேர்ந்து எழுதிய நூல், இப்படிப்பட்ட கூட்டுக்கு மூன்று அடிப்படைகளைச் சொன்னது: மரியாதை, கொடுக்கல் வாங்கல், பொறுப்பைப் பகிர்தல். அதே ஆண்டில் இங்கிலாந்தில் மிக் ஹீலியும் அவருடைய தோழர்களும் பல்கலைக்கழகங்களுக்கான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். இதற்கெனவே கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2017 முதல் ஓர் ஆய்விதழ் வருகிறது.

இதெல்லாம் வசதி படைத்த கல்லூரிகளின் கதை என்று ஒதுக்கத் தேவையில்லை. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், பள்ளியிலிருந்து தள்ளப்பட்ட ஏழைப் பிள்ளைகள் எட்டுப் பேர், தங்கள் பாதிரியார்-ஆசிரியர் லோரென்சோ மிலானியின் துணையோடு 1967-இல் ‘ஆசிரியருக்குக் கடிதம்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். எந்த வீட்டுப் பிள்ளைகள் பெயிலாக்கப்படுகிறார்கள் என்பதைப் புள்ளிவிவரம் சேர்த்து அவர்களே காட்டினார்கள். நம் ஊரில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. கண்மாய்த் தண்ணீரையும் கருவேலங்காட்டையும் பற்றிப் பதினான்கு வயதில் ஆய்வறிக்கை எழுதி, மேடையேறிப் பேசிய பிள்ளைகள் எங்கள் கல்லூரிக்கும் வருகிறார்கள். கேள்வி கேட்டு, வீடு வீடாகப் போய்த் தகவல் சேர்க்கத் தெரிந்தவர்கள். கல்லூரிதான் அவர்களை மறுபடி நோட்ஸ் எழுத உட்கார வைக்கிறது.

எங்கள் ஆராய்ச்சிக்கு மூன்றாம் ஆண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் காஸ்ட்டிங்கை முடித்துவிட்டார்கள். அவர்களுடைய மதிப்பெண் எதுவும் அந்தப் பருவத்தில் என் கையில் இல்லை. இது முக்கியம். இன்டர்னல் மார்க் போடுகிறவர் எதிரில் எந்தப் பிள்ளையும் மனம் திறந்து பேசாது. பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. முதலிடம் வாங்கியவர்களை மட்டும் சேர்க்கவில்லை. அரியர் வைத்து, திரும்பத் திரும்ப எழுதிக் கடைசியில் தேறியவர்களைத் தேடிப் பிடித்தேன். ஒரு பாடம் எந்தெந்த இடத்தில் குத்தும் என்று அவர்களைப் போல வேறு யாருக்கும் தெரியாது.

முதல் கூட்டத்திலேயே என் கேள்வித்தாளைத் திருத்தினார்கள். ‘ஆசிரியர் விளக்குவது புரிகிறதா?’ என்று எழுதியிருந்தேன். “இப்படிக் கேட்டா எல்லாரும் ‘புரியுது’ன்னுதான் போடுவாங்க மேடம்” என்றாள் எமனேஸ்வரத்துப் பெண் ஒருத்தி. அதற்குப் பதில் அவர்கள் எழுதிய கேள்வி: ‘கிளாஸ் முடிஞ்சதும் இந்தக் கணக்க யார்கிட்டப் போய்க் கேப்ப?’ அந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்கள் எனக்கு ஒரு வரைபடத்தையே கொடுத்தன. முதுகுளத்தூர் பஸ்ஸில் ஒரு பையன், விடுதியில் ஒரு பெண், தறித் தெருவில் ஓர் அக்கா என்று, என் வகுப்பு முடிந்த பிறகு அதே பாடத்தை மறுபடி நடத்துகிறவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டறிவதே எங்கள் ஆராய்ச்சியின் முதல் பகுதியாகிவிட்டது.

இரண்டாவது பகுதி, கணக்குப் போடும்போது மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போடச் சொல்வது. உளவியல் ஆய்வாளர்கள் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980-களில் ஒழுங்குபடுத்திய முறை இது. நான் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. விறுவிறுவென்று எழுதி நீட்டிவிடுவார்கள். மூன்றாம் ஆண்டு அண்ணன் பக்கத்தில் இருந்தால் எல்லாம் கொட்டும். போனில் பதிவு செய்தோம். பதிவு செய்யச் சம்மதமா என்று முன்கூட்டிக் கேட்டோம். பெயருக்குப் பதில் எண் கொடுத்தோம். எழுத்தில் பெயர்த்ததும் பதிவுகளை அழித்தோம். என் கைக்கு வந்தது எண்ணிட்ட தாள்கள் மட்டும்.

அந்தத் தாள்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து படித்தோம். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பென்சிலால் குறித்து, பிறகு சேர்த்து வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கூட்டலில் யாரும் தவறவில்லை. எல்லாரும் நின்ற இடம் ஒன்றுதான்: தொழிற்சாலை வாடகை, அலுவலக வாடகை, ஷோரூம் வாடகை என்று மூன்று வாடகை வரும் இடம். முதலாவது தொழிற்சாலை மேற்செலவில் போக வேண்டும். இரண்டாவது நிர்வாக மேற்செலவில். மூன்றாவது விற்பனை மேற்செலவில். பெரும்பாலோர் அங்கே தயங்கி, யூகித்து, ஏதோ ஒன்றில் எழுதியிருந்தார்கள்.

“மேடம், எங்க வீட்டுல ஒரே வாடகைதான்” என்றாள் அந்த எமனேஸ்வரத்துப் பெண். முன்கூடத்தில் தறிக்குழி. பக்கத்தில் நூல் மூட்டை. சேலை பார்க்க வருகிறவர் உட்காருவதும் அங்கேதான். ராத்திரி பாய் விரிப்பதும் அங்கேதான். தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் கடைக்கும் நடுவே சுவர் வைத்த ஒரு கம்பெனியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. பாடப்புத்தகம் அந்தச் சுவர்களைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு பேசுகிறது.

இதிலிருந்து பாடத்தின் வரிசையை மாற்றினோம். ஒரு செலவைப் பல துறைகளுக்குப் பிரிப்பது பாடத்திட்டத்தில் பின்னால் வரும்: வாடகையைப் பரப்பளவை வைத்துப் பிரிக்க வேண்டும், விளக்குச் செலவை விளக்குகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று. அதை முன்னுக்குக் கொண்டு வந்தோம். ஒரு வீடு, ஒரு வாடகை, அதில் தறிக்கு எத்தனை சதுர அடி, சரக்குக்கு எத்தனை, குடும்பத்துக்கு எத்தனை என்று பிரிக்கப் பழகினால், மூன்று வாடகை ஏன் மூன்று இடத்தில் போகிறது என்பது தானே விளங்கிவிடுகிறது.

அடுத்து, பாடம் முழுவதையும் ஒரு சேலையின் அடக்கவிலையை வைத்து நடத்தலாம் என்று சொன்னேன். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் உடனே மறுத்தான். “எங்களுக்குத் தறி தெரியாது மேடம். பாவுன்னா என்ன, ஊடைன்னா என்னன்னு அதையும் சேத்துப் படிக்கணும். எங்களுக்கு மொளகா வைங்க.” பரமக்குடி என்று வெளியூர்க்காரர்கள் ஒரு பெயராகச் சொன்னாலும், உள்ளே இருக்கும் உழைப்பு ஒன்றல்ல. ஆகவே இரண்டு கணக்குகள் தயாராயின. மிளகாய்க் கணக்கை அவனும் அவன் நண்பர்களும் எழுதினார்கள்: உழவு, விதை, களையெடுப்பு, உரம், பறிப்புக் கூலி, களத்தில் காயவைத்துத் தரம் பிரிக்கும் கூலி, சாக்கு, சந்தைக்கு வண்டி வாடகை, மண்டியில் கமிஷன். எது பொருளை உருவாக்கும் செலவு, எது விற்கும் செலவு என்ற கோடு, வண்டி ஏறும் இடத்தில் பளிச்சென்று விழுந்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய், இப்படி எங்கள் பாடத்துக்குள் வந்து சேர்ந்தது.

சேலைக் கணக்கை எழுதும்போதுதான் இந்த ஆராய்ச்சியின் பெரிய கேள்வி வந்தது. பட்டு நூல், ஜரிகை, சாயம், நெசவுக் கூலி என்று எழுதிக்கொண்டு வந்த எமனேஸ்வரத்துப் பெண் பேனாவை நிறுத்தினாள். “அம்மா தார் சுத்துறாங்கல்ல, அந்தக் கூலி எந்த வரியில வரும் மேடம்?”

ஊடை நூலைத் தாரில் சுற்றித் தராமல் நாடா ஓடாது, தறி நகராது. அதோடு பாவு பிணைப்பதற்குக் கூடமாட நிற்பதும் வீட்டுப் பெண்கள்தான். சேலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலி நெய்தவர் கையில் மொத்தமாக வருகிறது. சேலையை வாங்குகிற முதலாளியின் ஏட்டில் அது நேரடிக் கூலி, ஒரே வரி. நெசவாளர் வீட்டின் பக்கமிருந்து எழுதினால், அந்த ஒரு வரிக்குள் இரண்டு மூன்று பேரின் உழைப்பு இருக்கிறது. அதில் ஒருவருக்குத் தனியாகக் கூலி கிடையாது. ஒரே சேலைக்கு இரண்டு அடக்கவிலைகள். யார் கணக்கை எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அடக்கவிலை மாறும் என்பதைக் கணக்கியல் நிபுணர்கள் பெரிய புத்தகங்களில் விளக்குவார்கள். அவள் தன் வீட்டுக் கூடத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

இதே கேள்வியை விவசாயத்தில் அரசே கணக்கில் எடுத்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னேன். வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம், பயிர்ச் செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. விவசாயி கையிலிருந்து கொடுக்கும் செலவு ஏ2. அதோடு குடும்பத்தாரின் கூலியில்லா உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுக் கூட்டினால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை, சொந்த முதலின் வட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் சி2. குறைந்தபட்ச ஆதரவு விலை, ஏ2 கூட்டல் எஃப்எல்லைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது 2018–19 முதல் மத்திய அரசு பின்பற்றும் கொள்கை. மிளகாய் அந்தப் பட்டியலில் இல்லை. முதுகுளத்தூர்ப் பையன் தன் வீட்டு மிளகாய்க் கணக்கை எடுத்து, அப்பா, அம்மா, அக்கா பறித்த நாட்களுக்கு ஊர்க் கூலி போட்டுக் கூட்டினான். லாபம் என்று காட்டியிருந்த வரி சுருங்கியது. காஸ்ட்டிங் எதற்குப் படிக்கிறோம் என்று அவன் அதன் பிறகு கேட்கவில்லை.

இன்று எங்கள் வகுப்பில் அடக்கவிலைத் தாளில் ‘ஏன்’ என்று கூடுதலாக ஒரு பத்தி உண்டு. ஒவ்வொரு செலவையும் அந்த இடத்தில் எழுதியதற்கு ஒரு வரிக் காரணம் அதில் எழுத வேண்டும். இதுவும் மாணவர்கள் சொன்னதுதான். அரியர் முழுக்க ஒழிந்துவிடவில்லை. ஆனால் யூகித்து எழுதுவது குறைந்துவிட்டது. தப்பாக எழுதினாலும் எங்கே தப்பு என்று அவர்களாலேயே கண்டுபிடிக்க முடிகிறது.

வருகைப் பதிவு விஷயத்திலும் அவர்கள் கண் வேறு மாதிரி பார்த்தது. பிப்ரவரி, மார்ச்சில் ஆட்கள் குறைவதை நாங்கள் ஒழுங்கின்மை என்று பேசிக்கொண்டிருந்தோம். மாணவர்கள் வருகைப் பதிவேட்டை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிளகாய்ப் பழம் பறிக்கும் ஊர்களிலிருந்துதான் ஆள் குறைகிறது. அந்த மாதங்களில் வருகிற இன்டர்னல் தேர்வைச் சற்று முன்தள்ளுவதற்கு இந்த ஒரு தாள் போதுமான ஆதாரமாக இருந்தது.

இனி, இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில விதிகள். கேள்வியை நாம் முடிவு செய்துவிட்டுத் தகவல் சேர்க்க மட்டும் மாணவர்களை அனுப்பினால், அதற்குப் பெயர் கூட்டு அல்ல, எடுபிடி வேலை. கேள்வி போடும் இடத்திலிருந்து அவர்கள் இருக்க வேண்டும். எழுதிய கட்டுரையில் அவர்கள் பெயர் கட்டுரையாசிரியர்களாக வர வேண்டும். கடைசிப் பத்தியில் நன்றி சொல்லி முடித்துவிடக் கூடாது. கருத்தரங்கில் அவர்களே எழுந்து பேச வேண்டும். கேள்விக்கும் அவர்களே பதில் சொல்ல வேண்டும். நம் முடிவோடு அவர்கள் முடிவு ஒத்துப்போகாவிட்டால், இரண்டையும் எழுத வேண்டும். வேண்டாம் என்று விலகுகிறவரை அதன் பிறகும் அதே முகத்தோடு நடத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட, அவர்கள் உழைப்புக்குக் காசு கொடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பலர் மாலையில் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள், தறியில் உட்காருகிறார்கள். அந்த நேரத்தை எடுத்து நம் மேசைக்கு வருகிறார்கள். ‘அனுபவம் கிடைக்கும், சான்றிதழ் தருகிறோம்’ என்று சொல்லிவிட்டால் வீட்டில் சுமை இல்லாத பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். யாரைத் தெரிந்துகொள்ள இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினோமோ அவர்கள் வெளியே நிற்பார்கள். தார் சுற்றும் அம்மாவின் கூலி கணக்கில் வராதது அநியாயம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாணவரின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடுவது எந்த விதத்திலும் சரியாகாது. நாங்கள் பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, மணிக்கு இவ்வளவு என்று ஒரு சிறிய தொகை ஆகியவற்றை எழுதிவைத்துக் கொடுக்கிறோம். தொகை சிறிது, ஏட்டில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது.

கல்லூரிகளின் உள்தர உறுதிப் பிரிவில் மாணவர் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காரும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல், ஒரு கேள்வியை ஒப்படையுங்கள். புதிய கட்டடமோ, பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. உங்கள் பாடத்தில் அதிகம் பேர் விழும் ஒரு கணக்கை, ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முடித்துவிட்ட இரண்டு மூத்த மாணவர்களை, அவர்களில் ஒருவராவது அரியர் எழுதித் தேறியவராக இருக்கும்படி, அழைத்து உட்கார வையுங்கள். உங்கள் கேள்வித்தாளை அவர்கள் கையில் கொடுத்து, திருத்தச் சொல்லுங்கள். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.